நினைவின் வரிசையில் நகரும் படங்கள்: நேர்கோட்டில் செல்லாத கவித்துவ சினிமாவுக்கு ஓர் அறிமுகம்

ஒரு பெண் வேலியின்மேல் அமர்ந்து, வயல்வெளியைப் பார்த்தபடி புகைபிடித்துக்கொண்டிருக்கிறாள். வழி தவறி வந்த மருத்துவர் ஒருவர் அவளிடம் சிறிது நேரம் பேசிவிட்டுப் புறப்படுகிறார். அவர் வயலின் நடுவே நடந்து செல்லும்போது எங்கிருந்தோ எழுந்த காற்று புல்லை அலையலையாக வளைத்துக்கொண்டு வருகிறது. அவர் நின்று திரும்பிப் பார்க்கிறார். அந்த மருத்துவர் படத்தில் மறுபடி வருவதே இல்லை. சற்று நேரத்தில் வீட்டருகே ஒரு களஞ்சியம் தீப்பற்றி எரிகிறது. அது ஏன் எரிந்தது, எரிந்த பிறகு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமலேயே படம் ஒரு கறுப்பு வெள்ளைக் கனவுக்குள் போய்விடுகிறது. ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி இயக்கி 1975இல் சோவியத் ரஷ்யாவில் வெளியான ‘கண்ணாடி’ இப்படித்தான் நம்மை உள்ளே அழைத்துச் செல்கிறது. இந்தப் படத்தை முதல் முறை பார்க்கும் பலர் இருபது நிமிடங்களுக்குள் ‘கதை எங்கே?’ என்று கேட்டுவிடுகிறார்கள். முதல் முறை நானும் கேட்டேன். நாம் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு திரையின் முன் அமர்கிறோம், படமோ வேறொரு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது புரிவதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

நாம் பழகிய கதைப்படங்களில் காட்சிகளை ஒன்றோடொன்று கட்டிவைப்பது காரணமும் விளைவும்தான். ஒருவன் கடன் வாங்குகிறான், அதனால் வட்டி ஏறுகிறது, அதனால் வீடு போகிறது என்று ஒவ்வொரு காட்சியும் முந்தையதன் விளைவாகவும் அடுத்ததன் காரணமாகவும் நிற்கும். இதைத்தான் நேர்கோட்டுக் கதைசொல்லல் என்கிறோம். இத்தகைய படத்தைப் பார்க்கும்போது நம் மனம் இடைவிடாமல் கேட்கும் கேள்வி ‘அடுத்து என்ன?’ என்பதே. குழந்தைப் பருவத்தையும் நினைவையும் பொருளாகக் கொண்ட கவித்துவ சினிமா இந்தக் கேள்விக்கு விடை தர முயல்வதில்லை. அதன் முன் கேட்க வேண்டிய கேள்வி ‘இது ஏன் இப்போது நினைவுக்கு வந்தது?’ என்பதாகும். இந்த ஒரு மாற்றத்தை மனத்தில் ஏற்றுக்கொண்டால், இந்த வகைப் படங்களின் கதவு பெரும்பாலும் திறந்துவிடும் என்பது என் அனுபவம்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். காட்சிகள் காலவரிசைப்படி வராத படங்கள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. ஃபிளாஷ்பேக் என்பது வணிகப் படங்களிலும் நன்கு பழகிய உத்தி. நிகழ்காலக் கதைக்குத் தேவையான ஒரு தகவலைக் கடந்த காலத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு அது விலகிக்கொள்ளும். ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ (1941) ஒரு மனிதனின் வாழ்க்கையை அவன் இறந்த பிறகு பலருடைய நினைவுகளின் வழியாக முன்னும் பின்னுமாகச் சொல்கிறது. ஆனால் படம் முடிந்ததும் ஒரு தாளை எடுத்து அந்த நிகழ்ச்சிகளை ஆண்டுவாரியாக எழுதிவிடலாம். நடந்தவற்றின் வரிசை வேறு, அவை சொல்லப்படும் வரிசை வேறு என்று ரஷ்ய உருவவியல் விமர்சகர்கள் பிரித்துக் காட்டியது இத்தகைய படைப்புகளுக்கு நன்றாகப் பொருந்தும். நான் பேச வந்த படங்களில் அப்படி ஒரு தாளில் எழுதி முடித்தாலும் கையில் மிஞ்சுவது மிகக் குறைவு. ஒரு கவிதையின் வரிகளைக் கலைத்து அகரவரிசையில் அடுக்கியதுபோல, சொற்கள் எல்லாம் இருக்கும், கவிதை இருக்காது.

ஏன் அப்படி என்பதை அறிய, நினைவு எப்படி இயங்குகிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். நினைவு என்பது பெட்டிக்குள் வைத்த பொருளைத் திரும்ப எடுப்பது போன்றதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்பப்படுவது என்று ஆங்கிலேய உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் எழுதினார். குழந்தைப் பருவத்தைப் பொறுத்தவரை அந்தக் கட்டுமானத்துக்குக் கிடைக்கும் கற்களே குறைவு. பெரியவர்களுக்கு நினைவில் இருக்கும் மிகப் பழைய நிகழ்ச்சி பெரும்பாலும் மூன்று, நான்கு வயதைச் சேர்ந்ததாக இருக்கும். அதற்கு முந்தையது ஏறக்குறைய வெறுமை. அந்த முதல் நினைவுகளும் தனித்தனித் தீவுகளாகத்தான் கிடக்கின்றன: ஒரு கதவு, ஒரு குரல், ஒரு தரையின் குளிர்ச்சி. அதற்கு முன் என்ன, பின் என்ன என்று கேட்டால் நம்மால் சொல்ல முடிவதில்லை. இன்னொரு விந்தையும் உண்டு. பழைய நிகழ்ச்சிகளை நினைக்கும்போது பலர் தம்மையே வெளியிலிருந்து, ஒரு சிறுவனையோ சிறுமியையோ பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். ஜார்ஜியா நிக்ரோ, உல்ரிக் நைஸர் என்ற இரு உளவியலாளர்கள் 1983இல் இதைக் குறித்து ஆய்வு வெளியிட்டார்கள். நம் கண்ணால் ஒருபோதும் பார்த்திருக்க முடியாத ஒரு காட்சியை நாம் ‘நினைவு’ என்று நம்புகிறோம் என்றால், நினைவு ஏற்கெனவே பாதி சினிமா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேமரா நிற்கும் இடம் அதற்குள்ளேயே இருக்கிறது.

அமெரிக்காவில் பரிசோதனைப் படங்கள் எடுத்த மாயா டெரென் 1953இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கருத்தரங்கில் இந்த வேறுபாட்டை மிக எளிய உருவகத்தால் விளக்கினார். நாடகம் கிடைமட்டமாக நகர்கிறது, ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்குப் போகிறது. கவிதை செங்குத்தாக இறங்குகிறது, ஒரே கணத்தின் ஆழத்துக்குள் போய் அது எப்படி உணரப்படுகிறது, அதற்கு என்ன பொருள் என்று தேடுகிறது என்றார். இந்தச் செங்குத்து இறக்கம் தமிழ் வாசகருக்குப் புதியதன்று. ஓர் அகப்பாடலில் தலைவியோ தோழியோ ஒரு கணத்தில் பேசும் கூற்று மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. முன் நடந்ததும் பின் நடக்கப்போவதும் பாட்டுக்கு வெளியே இருக்கின்றன. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்று தொல்காப்பியம் விதியே வகுக்கிறது. நிலமும் பொழுதும் பறவையும் மரமும் சொல்லப்படாத உணர்வைச் சுமந்து நிற்க, உள்ளுறையை வாசகர்தான் திறந்துகொள்ள வேண்டும். எட்டு, பத்து அடிகளில் இதைச் செய்யப் பழகிய மனம், அதையே ஒன்றே முக்கால் மணி நேரம் நீடிக்கும் படத்தில் செய்யத் தயங்க வேண்டியதில்லை.

இனி ‘கண்ணாடி’க்கே திரும்புவோம். அதன் நடுவே இருப்பவர் அலெக்ஸேய் என்ற நடுத்தர வயது மனிதர். அவருடைய குரல் கேட்கிறது. முகத்தைப் படம் நமக்குக் காட்டுவதில்லை. இந்த ஒரு தகவல் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், ஏனெனில் நாம் காண்பவை யாவும் அவருக்குள் எழுபவை. படத்தின் ஒரு கட்டத்தில் அலெக்ஸேயைத் தொலைபேசியில் அவருடைய தாய் அழைக்கிறார். களஞ்சியம் எரிந்தது எந்த ஆண்டு, அப்பா நம்மை விட்டுப் போனது எந்த ஆண்டு என்று மகன் கேட்கிறார். 1935 என்று விடை வருகிறது. இரண்டும் ஒரே ஆண்டு. முன்பு காரணமே இல்லாமல் எரிந்ததாக நமக்குத் தோன்றிய அந்தத் தீ, இப்போது வேறொன்றாகத் தெரிகிறது: தந்தை போனதைக் குழந்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை, தீயை வைத்துக்கொண்டது. படம் இப்படி விளக்கிச் சொல்வதில்லை. இது நான் செய்துகொண்ட இணைப்பு. ஆனால் இணைப்பதற்கான இரண்டு நுனிகளையும் படம்தான் தருகிறது, அதுவும் தள்ளித்தள்ளி வைத்துத் தருகிறது.

அதே தொலைபேசி உரையாடலில் தாய் இன்னொன்றும் சொல்கிறார். தம்மோடு அச்சகத்தில் வேலை செய்த லீசா இறந்துவிட்டார். உடனே படம் பல பத்தாண்டுகள் பின்னால் போகிறது: இளம் வயதுத் தாய் மழையில் நனைந்தபடி அச்சகத்துக்கு ஓடிவருகிறாள், அச்சேறிக்கொண்டிருக்கும் ஒரு பதிப்பில் பிழை விட்டுவிட்டோமோ என்ற நடுக்கம். ஸ்டாலின் காலத்தில் அச்சுப்பிழை உயிரையும் வாங்கக்கூடியது என்பதை அந்த ஓட்டத்தின் வேகத்திலேயே நாம் அறிந்துகொள்கிறோம். பிழை இல்லை என்று தெரிந்த பிறகு, அது என்ன சொல் என்பதை அவள் லீசாவின் காதில் மட்டும் சொல்கிறாள், நமக்குக் கேட்பதில்லை. ‘அடுத்து என்ன?’ என்று கேட்டால் இந்தக் காட்சிக்கு எந்த இடமும் இல்லை, கதையில் அது எதையும் மாற்றவில்லை. ‘ஏன் இப்போது?’ என்று கேட்டால் விடை உடனே கிடைக்கிறது: லீசா இறந்த செய்தி இப்போதுதான் வந்தது. மகன் அந்த அச்சகத்தில் இருந்திருக்கவும் முடியாது; தாய் சொல்லக் கேட்டதைத் தன் நினைவாக ஆக்கிக்கொண்டிருக்கிறார். நம்முடைய குழந்தைப் பருவ நினைவுகளிலும் கணிசமானவை பிறர் வாயால் நமக்குள் வந்தவைதாம்.

தொடக்கநிலைப் பார்வையாளரை மிகவும் தடுமாறச் செய்வது முகங்கள். அலெக்ஸேயின் இளம் வயதுத் தாயாகவும், இப்போது அவரைப் பிரிந்து வாழும் மனைவி நதாலியாவாகவும் நடிப்பவர் ஒரே நடிகை, மார்கரீட்டா தெரெஹோவா. பன்னிரண்டு வயது அலெக்ஸேயும் அவருடைய மகன் இக்னாத்தும் ஒரே சிறுவன். இது சிக்கனத்துக்காகச் செய்ததன்று. அம்மாவை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உன் முகம்தான் இருக்கிறது என்று அலெக்ஸேய் மனைவியிடம் ஓரிடத்தில் சொல்கிறார். நெடுநாள் முன்பு பார்த்த முகம் மறந்துபோய், அந்த இடத்தில் இன்று அருகில் இருக்கும் முகம் வந்து அமர்ந்துகொள்வது நினைவின் இயல்பு. பார்ட்லெட் கட்டுமானம் என்று சொன்னதைத் தார்க்கோவ்ஸ்கி நடிகர் தேர்வின் மூலமே செய்துகாட்டிவிட்டார். இதற்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. முதிய தாயாகத் திரையில் வருபவர் இயக்குநரின் சொந்தத் தாய் மரியா விஷ்ன்யாகோவா. பின்னணியில் கவிதைகளைப் படிக்கும் குரல் அவருடைய தந்தையும் கவிஞருமான அர்சேனி தார்க்கோவ்ஸ்கியுடையது. குடும்பத்தை விட்டுச் சென்ற தந்தை, பல பத்தாண்டுகளுக்குப் பின் தன் மகனின் படத்தில் வெறும் குரலாகத் திரும்பி வருகிறார் என்பதை அறிந்த பிறகு அந்தக் கவிதைகளை முன்போல் கேட்க என்னால் முடியவில்லை.

தனியொருவரின் நினைவுக்கு நடுவே ஆவணக் காட்சிகள் வருவதும் பலரைக் குழப்புகிறது. 1943இல் சோவியத் வீரர்கள் சிவாஷ் ஏரியின் சேற்றில் முழங்கால் புதைய, பீரங்கிகளை இழுத்துக்கொண்டு நடக்கும் செய்திப்படத் துணுக்கு, சிறுவர்கள் துப்பாக்கி சுடப் பழகும் காட்சியோடு வருகிறது. அந்தச் சிறுவர்கள் இந்த வீரர்களைக் கண்டதில்லை. ஆனாலும் அவர்களுடைய குழந்தைப் பருவத்தின் மேல் கவிந்திருந்த வானம் அதுதான், வீட்டுக்குள் நடந்ததையும் நாட்டுக்கு நடந்ததையும் அங்கே பிரிக்க முடியாது.

இப்படிக் காட்சிகள் எங்கு வேண்டுமானாலும் வரலாம் என்றால், எந்த வரிசையில் வைத்தாலும் சரிதானா? புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இயல்பாக எழும் ஐயம் இது. தார்க்கோவ்ஸ்கி தரும் சான்று நேர்மாறானது. இந்தப் படத்தில் இருப்பவை சுமார் 200 ஷாட்கள்தாம் (ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே கேமரா தொடர்ச்சியாகக் காட்டும் துண்டுதான் ஷாட்), இந்த நீளமுள்ள படத்துக்கு அது குறைவு. அப்படியிருந்தும் இருபதுக்கும் மேற்பட்ட வகைகளில் அடுக்கிப் பார்த்தும் படம் கூடிவரவில்லை என்றும், நம்பிக்கை இழந்த நிலையில் கடைசியாகச் செய்த ஒரு மாற்றத்தில் அது சட்டென்று உயிர்பெற்று எழுந்தது என்றும் அவர் எழுதியிருக்கிறார். கதைப்படத்தில் ஒரு காட்சி இடம் மாறினால் தகவல் பிறழும், அதைக் கண்டுபிடிப்பது எளிது. இங்கே இடம் மாறினால் உணர்வு பிறழும், அதற்குக் காட்டிக்கொடுக்கும் தடயம் எதுவும் இருக்காது. நேர்கோடற்ற படத்தொகுப்பு கட்டற்றது என்று நினைப்பவர்கள் இந்த இருபது தோல்விகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவருடைய கண்டிப்பு படத்தொகுப்பு மேசையோடு நின்றுவிடவில்லை. சிறுவயதில் வாழ்ந்த வீடு அழிந்துபோயிருந்தது. பழைய புகைப்படங்களைக் கொண்டு அதே இடத்தில், அதே அடித்தளத்தின்மேல் அதை மீண்டும் கட்டினார்கள். வீட்டின் முன் பக்வீட் என்ற தானியப் பயிர் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது அவர் நினைவில் இருந்தது. அங்கிருந்த கூட்டுப்பண்ணை விவசாயிகளோ அந்த நிலத்தில் பல ஆண்டுகளாக வேறு பயிர்கள்தாம் விளைகின்றன, பக்வீட் வராது என்றார்கள். படக்குழு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து விதைத்தது. பயிர் செழித்து வளர்ந்தது. நினைவு நம்பத்தகாதது என்று உளவியல் சொல்வதை நான் ஏற்கிறேன், ஆனாலும் இந்த ஒரு வயலில் அது மண்ணை அறிந்தவர்களைவிடச் சரியாக இருந்திருக்கிறது.

நினைவுக்கு வரிசை மட்டுமன்றி அளவும் வேறு. ஒரு முழு ஆண்டு தடயமின்றிப் போயிருக்கும். ஒரு பிற்பகல் மணிக்கணக்கில் விரியும். பிரிட்டிஷ் இயக்குநர் டெரன்ஸ் டேவிஸ் தம் லிவர்பூல் குழந்தைப் பருவத்திலிருந்து எடுத்த ‘தி லாங் டே க்ளோஸஸ்’ (1992) படத்தில், தரையில் விரித்த ஒரு கம்பளத்தின்மேல் ஜன்னல் வெளிச்சம் ஏறுவதையும் மங்குவதையும் தவிர வேறெதுவும் நிகழாத ஒரு நீண்ட ஷாட் இருக்கிறது. வீட்டில் தனியாக இருந்த எந்தக் குழந்தைக்கும் அந்தக் கம்பளம் தெரியும். அதே படத்தின் இன்னோரிடத்தில் ஒரு பாடல் ஒலிக்க, கேமரா மேலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்கிறது. கீழே திரையரங்கில் வரிசையாக அமர்ந்திருப்போர், பிறகு தேவாலயத்தில் மண்டியிட்டிருப்போர், பிறகு வகுப்பறையில் மாணவர்கள். ஒரு சிறுவனை உருவாக்கிய மூன்று இடங்களும் சுவரின்றி ஒரே நகர்வில் இணைந்துவிடுகின்றன. அங்கே காரணத்தின் வேலையைப் பாடல் செய்கிறது. இத்தகைய படங்களில் ஒலியைக் கவனமாகக் கேட்கச் சொல்வது இதனால்தான்: இரண்டு காட்சிகளுக்கு நடுவே கண்ணுக்குப் பாலம் தெரியாதபோது, பெரும்பாலும் காதுக்கு அது கிடைத்திருக்கும்.

ஒரு தவறான பழக்கத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கவித்துவப் படம் என்றவுடன் சிலர் குறியீட்டு அகராதி ஒன்றைத் திறந்துகொள்கிறார்கள். நீர் என்றால் இது, கண்ணாடி என்றால் அது, கறுப்பு வெள்ளை என்றால் கடந்த காலம் என்று. ‘கண்ணாடி’யில் 1935ஆம் ஆண்டு வீடு வண்ணத்தில் இருக்கிறது, அதே கடந்த காலத்தைச் சேர்ந்த அச்சகம் வண்ணமிழந்து இருக்கிறது, அகராதி முதல் அரை மணி நேரத்திலேயே கைவிட்டுவிடும். நனைந்த கூந்தலிலிருந்து சொட்டும் நீரை முதலில் நீராகவே பாருங்கள். அதன் கனமும் குளிரும் பதிந்த பிறகு, அதே நீர் கூரையிலிருந்து கொட்டும்போது தானாகவே ஏதோ ஒன்று உள்ளே அசையும். அந்த அசைவுதான் பொருள். அதற்குப் பெயர் வைக்க அவசரப்பட வேண்டியதில்லை.

எங்கிருந்து தொடங்கலாம் என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் ‘கண்ணாடி’யை முதலில் சொல்வதில்லை. இங்மார் பெர்க்மனின் ‘வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ்’ (1957) பாதுகாப்பான வாசல். 78 வயதான பேராசிரியர் ஒருவர் கௌரவப் பட்டம் பெறுவதற்காக ஸ்டாக்ஹோமிலிருந்து லுண்ட் நகருக்குக் காரில் போகிறார். அந்த ஒரு நாள் பயணம் நேர்கோடாக இருப்பதால் கால் தரையில் ஊன்றியிருக்கும். வழியில் பழைய கோடை வீட்டைக் காண்கிறார். இளமைக்கால உறவினர்கள் அன்றிருந்தபடியே நடமாடும் அந்தத் தோட்டத்தில் அவர் மட்டும் கிழவராகவே நிற்கிறார். ஃபிளாஷ்பேக்குக்கும் நினைவுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு உடலில் இருக்கிறது: நாம் கடந்த காலத்துக்குப் போவதில்லை, இன்றைய வயதோடு அதன் ஓரத்தில் நிற்கிறோம். அடுத்து க்ரிஸ் மார்க்கரின் ‘லா ஜெட்டே’ (1962). 28 நிமிடங்கள்தாம், ஏறக்குறைய முழுவதும் அசையாப் புகைப்படங்கள். சிறுவயதில் ஒரு விமான நிலையத்தில் பார்த்த பெண்முகத்தை விடாமல் பற்றியிருக்கும் ஒருவனின் கதை அது. ஒரே ஓரிடத்தில், தூங்கி எழும் அந்தப் பெண் கண் திறக்கும்போது மட்டும், படம் சில நொடிகள் அசைகிறது. அந்த நொடிகளுக்காக எல்லாரையும் அந்தப் படத்தைப் பார்க்கச் சொல்வேன். இவற்றுக்குப் பிறகு டேவிஸ், அதன் பிறகு ‘கண்ணாடி’. முடிந்தால் அதை ஒரே அமர்வில், இடையில் நிறுத்தாமல் பாருங்கள். சில நாட்கள் கழித்து மறுபடியும் பாருங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது படமே நமக்கு ஒரு நினைவாக மாறியிருப்பதால், அதன் வரிசை நம் வரிசையோடு ஒத்துப்போகத் தொடங்கும்.

அதன் கடைசிக் காட்சியில் இளம் தாயும் தந்தையும் புல்லில் படுத்திருக்கிறார்கள். பிறக்கப்போவது ஆணாக வேண்டுமா, பெண்ணாக வேண்டுமா என்று அவர் கேட்கிறார். அவள் விடை சொல்லாமல் திரும்பிப் பார்க்கிறாள். அதே வயலில் முதிய தாய் இரண்டு சிறு குழந்தைகளை அழைத்துக்கொண்டு நடந்து செல்கிறார், அவர்களுக்கு அப்பால் தொலைவில் இளம் தாய் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் பிறக்காத மகன், சிறுவனாக நடக்கும் மகன், முதுமையடைந்த தாய் எல்லாரும் அந்த ஒரே வயலுக்குள், ஒரே மாலை வெளிச்சத்தில் இருக்கிறார்கள். பிறகு கேமரா மெல்லப் பின்வாங்கி மரங்களுக்குள் நுழைகிறது. அடிமரங்கள் ஒவ்வொன்றாகக் குறுக்கே வர, அவர்கள் மரங்களுக்கு அப்பால் நடந்துகொண்டே இருக்கிறார்கள்.